அனுப்புகிறவர்கள் பார்க்காத கணக்கு: மதுரை மிஷனரி குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரச் சேகரங்களிலும் (சபை வட்டாரங்களிலும்) இருந்து வடக்கே ஊழியர்களை அனுப்புகிற, தாங்குகிற குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

தோத்திரம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். மாதர் சங்கத்தில் கைப்பிடி அரிசி சேர்த்து, அதை விற்ற பணத்தை உறையில் போட்டு உங்களிடம் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அதனால் ‘இந்த அம்மா ஊழியத்துக்கு விரோதம்’ என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். என் அக்கா மகனே மத்திய இந்தியாவில் ஒரு மலைப்பகுதியில் மனைவி பிள்ளைகளோடு ஊழியம் செய்கிறான். எந்த மாநிலம் என்று எழுதப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கூட்டங்களில் “விலை கொடுக்க யார் ஆயத்தம்?” என்ற கேள்வி வராத வருடம் இல்லை. கீபோர்டு மெதுவாக வாசிக்கும், பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து முன்னால் வருவார்கள், பெற்றவர்கள் பின்வரிசையில் அழுவார்கள். ஆனால் அந்த விலையைக் கடைசியில் கொடுப்பது யார் என்பதை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. முன்னால் வந்த பையன் கொஞ்சம் கொடுக்கிறான். அவன் பேச்சைக் கேட்டு விசுவாசிக்கிற உள்ளூர்க் குடும்பம் மீதியை எல்லாம் கொடுக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அர்ப்பணிப்பு ஆராதனை இல்லை, மாதச் சம்பளம் இல்லை, ஓடி வர ஒரு மதுரையும் இல்லை.

என் அக்கா மகன் பணித்தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்க்கூட்டம் போட்டு, விசுவாசத்துக்கு வந்த மூன்று குடும்பங்களை ஒதுக்கிவைத்தார்கள். அடிபம்பில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. ஊர் மாடுகளை மேய்க்கிற பையன் இவர்கள் மாட்டை ஓட்டிப் போக மாட்டான். கடையில் உப்பு கிடையாது. பொறுக்கிக் காயவைத்த இலுப்பைப் பூ திண்ணையில் கிடக்கிறது, வாங்க ஆளில்லை. ஓடை மணலில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இவன் பக்கத்து டவுனில் வாடகைக்கு இருந்தான். வீட்டுக்காரர் பயந்துபோய்க் காலி செய்யச் சொன்னதும் குடும்பத்தோடு நாக்பூர் வந்து ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டான். வந்தவனைச் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னான். ஆராதனை முடிந்து எத்தனையோ பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள், காணிக்கையும் நன்றாகவே விழுந்தது. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி, ஒதுக்கிவைக்கப்பட்ட வீட்டு அம்மாள் ஒருத்தி போன் பண்ணினாள். உபத்திரவத்தைப் பற்றியோ ஜெபத்தைப் பற்றியோ அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. “நெல் முற்றிப்போச்சு, அறுக்க ஆள் வர மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் எப்போது வருவீர்கள்?” இவ்வளவுதான் கேட்டாள். அவன் போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

அந்த ஒதுக்கிவைப்புக்கு ஒரு காரணம் நம்முடைய ஊரிலிருந்து போனது. அதுதான் என் ஆற்றாமை. ஞானஸ்நானப் படம் ஒன்றை ஒரு மாதப் பத்திரிகையில் போட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்கள், முகம் பளிச்சென்று தெரிகிறது, கீழே ஊர்ப் பெயர், எத்தனை ஆத்துமா என்ற கணக்கு. யார் போட்டது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் சண்டை அந்தப் பெயரைப் பற்றியதாகிவிடும், எல்லாரும் இதே வேலையைத்தான் செய்கிறீர்கள். காகிதமாக இருந்தவரை அது கோரிப்பாளையத்தையும் அரசரடியையும் தாண்டியிருக்காது. பிடிஎப் ஆக்கி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். சுற்றிச் சுற்றி அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் போனிலேயே போய் இறங்கியது. அதைக் காட்டித்தான் கூட்டம் கூட்டினார்கள்.

வடக்கே உள்ள சட்டங்களை உங்களில் எத்தனை பேர் உட்கார்ந்து படித்திருக்கிறீர்கள்? ஒடிசாவில் 1967லேயே மதமாற்றத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, மத்தியப் பிரதேசத்தில் 1968ல். மதத்தைப் பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டிலும் 2002ல் ஒரு சட்டம் வந்து 2004ல் போனது. நமக்கு அதெல்லாம் மறந்தே போச்சு. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் வருடச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் மதம் மாறினாலே அது கூட்டு மதமாற்றம். அதாவது ஒரு புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தால் போதும். மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டாயமோ மோசடியோ ஆசை காட்டுதலோ இல்லை என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். மத அமைப்பு நடத்தும் நல்ல பள்ளியில் இலவசப் படிப்பு தருவதாகச் சொன்னாலும் அது ஆசை காட்டுதலில் சேர்த்தி. 2024ல் இதை இன்னும் இறுக்கினார்கள்: சம்பந்தமே இல்லாத யாரும் புகார் கொடுக்கலாம், சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இப்போது உங்கள் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். ‘ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், இந்த மாதம் இத்தனை குடும்பங்கள் இரட்சிக்கப்பட்டன’ என்று ஒரே பத்தியில் எழுதியிருப்பீர்கள். குற்றப்பத்திரிகை எழுத வேண்டிய போலீஸ்காரருக்குப் பாதி வேலை மிச்சம்.

தியாகம் என்றதும் நாம் அருளானந்தர் ரத்தம் சிந்திய ஓரியூரைச் சொல்வோம். புராட்டஸ்டண்ட் சபையான சிஎஸ்ஐக்காரி, கத்தோலிக்கரின் ஓரியூரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்காதீர்கள், நம் பக்கத்து ஜனங்கள் எல்லாருமே அந்தச் செம்மண்ணைக் கொஞ்சம் முடிந்துகொண்டு வருகிறவர்கள்தான். அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ லிஸ்பனில் பிறந்து மதுரை மிஷனுக்கு வந்தவர். 1686ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார், ஐரோப்பாவுக்குப் போனார், அங்கே இருந்துவிடலாம் என்றிருந்தும் திரும்பி வந்தார், 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. 1947ல் புனிதர் பட்டம். இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. வந்த வழியே போக வாய்ப்பு இருந்தும் திரும்பி வந்தவர்.

ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது நாம் யாரை விட்டுவிடுகிறோம் என்று பாருங்கள். 1686ல் அவரோடு உபதேசியார்களும் (வேதம் சொல்லிக்கொடுத்த உள்ளூர் ஊழியர்கள்) பிடிபட்டார்கள், அவர்களும் அடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நம் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அப்புறம் மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் வீட்டுப் பெண்கள். நோய் தீர்ந்து விசுவாசத்துக்கு வந்த தடியத்தேவர், ஒரே மனைவிதான் என்ற ஒழுங்குக்காக முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள், கடலை என்பவள், மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய் முறையிட்டதில்தான் அருளானந்தருக்குச் சாவு வந்தது. பிரசங்கங்களில் அவள், யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்க வைத்த ஏரோதியாளைப் போல ஒரு வில்லி. ஒரு நாள் விடிந்ததும் ‘இனி நீ என் மனைவி இல்லை’ என்று சொல்லப்பட்ட பெண் அவள் என்பதை ஒரு பிரசங்கியாரும் நின்று யோசித்து நான் கேட்டதில்லை. புருஷன் சீஷனானதற்கு விலை கொடுத்தது அவள். கேட்காமலே அவளிடமிருந்து வாங்கப்பட்ட விலை. இப்படி எழுதுவதற்காகக் கத்தோலிக்கச் சிநேகிதிகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

நம் காலத்திலும் இதே கதைதான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்களும் ஜீப்பில் வைத்து எரிக்கப்பட்டதை உலகமே அறியும். அவர் மனைவி கிளாடிஸ் மன்னித்ததும் தெரியும். அது பெரிய காரியம், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே ஒடிசாவில் 2008 கந்தமாலில் காட்டுக்குள் ஓடியவர்கள், வீடு எரிந்து முகாமில் கிடந்தவர்கள், செத்தவர்கள், பெரும்பாலும் அந்த மண்ணின் தலித்துகளும் பழங்குடிகளும். அவர்களில் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம். இன்னொன்று. ஆகஸ்ட் 23 இரவு விஸ்வ ஹிந்து பரிஷத் தலைவர் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதியையும் உடனிருந்த நான்கு பேரையும் சுட்டுக் கொன்ற பிறகுதான் அந்தக் கலவரம் மூண்டது. மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றும் பழி கிறிஸ்தவர்கள் மேல் விழுந்தது என்பது உண்மை. அதற்காக அந்தக் கொலையைச் சொல்லாமல் கந்தமாலைப் பற்றி ஜெபக்குறிப்பு எழுதுவது நேர்மை இல்லை. நம் பத்திரிகைகளில் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

இனி, நீங்கள் யாரும் பேச விரும்பாத இடத்துக்கு வருகிறேன்.

2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் ஒரு பாஸ்டர் இறந்துபோனார். அவருடைய முன்னோர்கள் புதைக்கப்பட்ட ஊர்ச் சுடுகாட்டில் அவரைப் புதைக்க ஊரார் விடவில்லை. சொந்த நிலத்திலாவது புதைக்கிறோம் என்று மகன் கேட்டார், அதற்கும் எதிர்ப்பு. உடல் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜனவரி 27ஆம் தேதி இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார் ஒருவர், கூடாது என்றார் மற்றவர். இனியும் உடல் காத்துக் கிடக்க வேண்டாம் என்று, 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஒரு கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்யச் சொல்லி முடித்தார்கள். நாம் இங்கே உபவாச ஜெபம் வைத்தோம். செத்த மனுஷனுக்கு ஆறடி நிலம் இல்லையா என்று ஒரு சகோதரர் மைக்கில் கதறினார்.

சரி, நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களுக்குப் போவோமா? எந்தச் சாதிக்கு எந்தப் பக்கம் என்று போர்டு இருக்காது, ஆனால் குழி வெட்டுகிறவருக்குத் தெரியும். திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்குள்ளேயே தலித் கத்தோலிக்கரைப் பிரித்து நிற்கும் சுவருக்கு எதிராகப் போராட்டம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். கந்தமால் எரிந்த அதே 2008ல், அதற்குச் சில மாதம் முன்பு மார்ச்சில், எறையூரில் கிறிஸ்தவர்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டு போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். பிரச்சினை என்ன? தலித்துகள் தங்களுக்குத் தனிப் பங்கு (தனிச் சபை) கேட்டார்கள், சமமாக நடத்தச் சொன்னார்கள். கத்தோலிக்கர் கதை அது என்று ஒதுங்க வேண்டாம். நம் சேகரங்களில் கமிட்டி எலெக்‌ஷன் வரும்போது யார் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பஸ்தர்க்காரர்கள் வேற்று மதத்தான் என்று குழி மறுத்தார்கள். நாம் ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் எடுத்துவிட்டு மறுக்கிறோம்.

இது இன்று வந்த வியாதி இல்லை. 1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்கன் மிஷன், 1840களின் கடைசியில் தன் ஊழியர்களிடம் ஒரே ஒரு சோதனை வைத்தது: எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். உபதேசியார்களும் சபையாரும் பலர் மாட்டோம் என்று வேலையை விட்டார்கள், சபையை விட்டுப் போனார்கள். வெள்ளைக்காரத் துரைமார் நம் சமூகத்தைப் புரிந்துகொள்ளாமல் அதிரடி செய்தார்கள் என்று இன்றைக்கும் சிலர் வாதாடுவார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். அவர்களுக்கு முன்னால் 1606ல் இங்கே வந்த தத்துவபோதகர் நொபிலி அதற்கு நேர் எதிர்வழி எடுத்தார், சாதி வழக்கத்தை அனுசரித்தே வேலை செய்தார். எது சரி என்ற விவாதத்தை அரசரடி இறையியல் செமினரிக்காரர்களுக்கு விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: மதுரையில் சீஷத்துவத்தின் விலை அன்றைக்குச் சிறையோ வாளோ இல்லை, ஒரு பந்திச் சோறு. அதைக்கூடக் கொடுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அசனத்தில் (சபை விருந்தில்) சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம், அதுவரை நல்லது. பெண் கொடுக்கல் வாங்கலுக்கு வரும்போது பழைய கதைதான். மணமகன் தேவை விளம்பரத்தில் ‘இரட்சிக்கப்பட்ட’ என்பதற்கு அடுத்த வார்த்தை என்ன என்று பாருங்கள்.

விலை கொடுக்கிற ஆள் நம் பக்கத்து பெஞ்சிலேயே இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1950ஆம் வருட ஜனாதிபதி உத்தரவின்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும்தான்; 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. மதம் மாறியவரின் பிள்ளைக்கு இங்கே பிசி சான்றிதழ்தான். எஸ்சி இடஒதுக்கீடு போச்சு, வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்பும் போச்சு. தெருவில் மட்டும் சாதி அப்படியே இருக்கிறது. அதனால்தான் சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாகப் பலர் வாழ்கிறார்கள். அவர்களைப் பார்த்து ‘அரைகுறை விசுவாசி’ என்று பிரசங்கபீடத்திலிருந்து குத்துகிறவர்கள், தங்கள் பேத்தியின் மெடிக்கல் சீட்டை அப்படி விட்டுக்கொடுப்பார்களா என்று ஒரு நிமிஷம் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் கடுமையாகப் பேசிய பிறகு இவர்கள் இன்னும் பயந்துபோயிருக்கிறார்கள். இவர்களுக்காக ஒரு மிஷனரி ஞாயிறும் வைத்ததில்லை நாம்.

மைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பெருவிழாவில் ஒரு பிரசங்கியார் மற்றவர்கள் கும்பிடுகிற சாமியைக் கேலி பண்ணிவிட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு, காரில் ஏறிப் போய்விடுகிறார். யூடியூபில் அந்த ஒரு நிமிஷத்தை வெட்டி, இந்தியில் எழுத்துப் போட்டு ஓட்டுகிறார்கள். அடி விழுவது அங்கே ஓடை மணலில் தண்ணீர் மொள்கிறவர்களுக்கு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிப் பிறந்து வளர்ந்த நமக்கு, அடுத்த வீட்டார் பக்தியை மதித்துப் பேசத் தெரியாதா என்ன? சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர் கொடுக்கிற சபைகளும் நம்மிடம் இருக்கின்றன. பேச்சில் மட்டும் ஏன் இந்தத் துடுக்கு?

பணம். சுருக்கமாகச் சொல்கிறேன், கணக்கு உங்களிடமே இருக்கிறது. ஆலயத்துக்கு டைல்ஸ், எல்இடி ஸ்கிரீன், ஏசி, நூற்றாண்டு வளைவு. அங்கே ஜாமீன் எடுக்க வக்கீல் பீஸுக்கு என் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் கெஞ்சினான். இங்கிருந்து போகிறவருக்காவது சம்பளம், பிள்ளைகளுக்கு விடுதி என்று ஏதோ ஏற்பாடு இருக்கிறது. மொழி தெரிந்து, வழி தெரிந்து, முதல் அடியை வாங்குகிற உள்ளூர் ஊழியருக்கு நீங்கள் கொடுப்பது இங்கே ஒரு வீட்டு வேலைக்காரம்மாள் கேட்கிற சம்பளம்கூட இல்லை. 1910ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், பின்னாளில் பிஷப்பான நம்முடைய வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, உங்கள் பொருளைத் தந்தீர்கள், உங்கள் உடலையும் எரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். வடக்கே உள்ள விசுவாசிகள் நம்மைப் பார்த்து அதையே கேட்கலாம். நாமும் அவர்களுக்குத் துரைமார்தான்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14ல் ஆண்டவர் சொல்கிறார். புதுமண்டபத்துக்குக் கிழக்கே, அடித்தளத்தோடு நின்றுபோன திருமலை நாயக்கரின் ராயகோபுரத்தைத் தினமும் கடந்து போகிற ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வசனத்தை நாம் எப்போதும் முன்வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் பிரசங்கிக்கிறோம். கணக்குப் பார்க்க வேண்டியது அனுப்புகிற கமிட்டி.

அதனால் கேட்கிறேன். அடுத்த செயற்குழுவில் இவற்றை எடுங்கள். பணித்தளத்து விசுவாசிகள் முகம், ஊர், ஞானஸ்நான எண்ணிக்கை, மூன்றும் இனிமேல் எந்தப் பத்திரிகையிலும் எந்தத் திரையிலும் வரக் கூடாது. பழைய பிடிஎப்களை இணையதளத்திலிருந்து இறக்குங்கள். கூடும் காணிக்கையில் ஒரு பங்கு வழக்குச் செலவுக்கும், ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பங்களின் அன்றாடத்துக்கும் என்று தனியாக ஒதுக்குங்கள், அதைக் கையாளுகிற பொறுப்பை உள்ளூர்க்காரர்களிடமே கொடுங்கள். போகிற பிள்ளைகளுக்கு வக்கீல் ஒருவரை வைத்து அந்தந்த மாநிலச் சட்டத்தைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். புதிதாக விசுவாசிக்கிறவரிடம், மூழ்குவதற்கு முன்னால், தண்ணீர், நிலம், சான்றிதழ், கல்லறை எல்லாவற்றையும் பற்றி நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் காத்திருக்கச் சொல்லுங்கள். வருடாந்திர அறிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

கல்லறை விஷயத்தை மட்டும் செயற்குழுவோடு முடித்துவிட வேண்டாம், சேகரக் கூட்டத்துக்கே கொண்டுவாருங்கள். இனி இறக்கிறவர்களுக்கு வரிசைப்படி அடுத்த குழி, சாதி பார்ப்பதில்லை என்று தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தை நீங்கள் எடுத்தால் வழிமொழிய நான் எழுந்து நிற்கிறேன், என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

பதில் எழுத விரும்பினால் பத்திரிகையில் போட வேண்டாம். வியாழக்கிழமை மாதர் சங்கக் கூட்டத்துக்கு யாராவது ஒருவர் வாருங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் கேட்க நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
மதுரைச் சேகரம் ஒன்றின் சபை அங்கத்தினள்